மலைக்கு அந்தப் பக்கம்

"எங்கே கொண்டுபோய்ப் போட்டேன்னு கேக்கறேன்…"

"போட்டாச்சு, விடு. காபி ஆறுது…"

"காபி கெடக்கட்டும். அந்த டப்பா எல்லாம் எங்கே?"

"துருப்பிடிச்ச நாலு டப்பாவுக்குக் காலங்காத்தால இந்தக் கூச்சலா?"

"மண்டை ஓடு படம் போட்ட டப்பா, ஃபிரானே! உங்க அப்பா சாகற வரைக்கும் பூட்டி வெச்சிருந்த டப்பா!"

"குழியில போட்டேன். போதுமா? எங்க அப்பா எங்கே போட்டாரோ, அவங்க அப்பா எங்கே போட்டாரோ, இந்த ஊரே எங்கே போடுதோ, அங்கேதான் போட்டேன். பின்னே மாதா கோயில்லயா கொண்டுபோய் வைப்பாங்க?"

யாகோதா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி சிந்திற்று. சிந்திய காபியின் மேல் மெல்லிசாக ஓர் எண்ணெய்ப் படலம் நீலமும் மஞ்சளுமாக நெளிந்தது. போன மழைக்குப் பிறகு காபி இப்படித்தான் இருக்கிறது. செம்புப் பாத்திரத்தின் கோளாறு என்று அவள் அதை இரண்டு முறை சாம்பல் போட்டுத் தேய்த்தும் பார்த்தாயிற்று. இப்போது அதைப் பற்றி நினைக்க அவளுக்கு நேரமில்லை.

வீட்டின் அடியில் மாமனார் காலத்து மதுக் கிடங்கு ஒன்று இருந்தது. கோடையில் கடல் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகை அறை ஆக்கிவிடலாம் என்று ஃபிரானே ஒரு வாரமாக அதைக் காலி செய்துகொண்டிருந்தான். பீப்பாய், பழைய வலை, உடைந்த நாற்காலி என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. நேற்று யாகோதா சந்தைக்குப் போயிருந்த சமயம் பார்த்துக் கடைசி மூலையையும் வழித்து எடுத்துவிட்டான்.

"டவுன்ல அதுக்குன்னு இடம் வெச்சிருக்காங்களே. விஷ மருந்தெல்லாம் வாங்கிக்கிறாங்கன்னு பாதிரியார்கூட பூசையில சொன்னாரே."

"வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட மூடிட்டுப் போயிடறான். நான் டவுனுக்குப் போய், வரிசையில நின்னு, அவன் கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி… குழி நம்ம கொல்லைக்குப் பின்னாடி இருக்கு, யாகோதா. தள்ளுவண்டியில வெச்சு ஒரே தள்ளு."

"அதுல என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"உருளைக்கிழங்கு வண்டுக்கு அடிக்கிற மருந்து. தெரியாம என்ன?"

"அதைக் கொத்தின சேவல் என் கண்ணு முன்னால சுருண்டு விழுந்துச்சு. நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசு. உங்க அப்பா சேவலைப் புதைச்ச இடத்துல புல்லுகூட முளைக்கலை."

"சேவல் செத்துப்போய் எத்தனை காலம் ஆச்சு! மருந்தோட வீரியமெல்லாம் போயிருக்கும். அப்படியே இருந்தாத்தான் என்ன? நம்ம குழித் தண்ணி நம்ம பக்கம் வர்றதில்லையே. போற பக்கம் போவட்டும்."

சொல்லிவிட்டு ஃபிரானே ரொட்டியைப் பிய்த்துக் காபியில் நனைத்தான்.

துப்ராவா ஊரில் மழை பெய்தால் ஓடை ஓடாது. கல்லெல்லாம் ஓட்டை, விழுகிற தண்ணீரை விழுந்த இடத்திலேயே மலை குடித்துவிடும். பிறகு எங்கோ ஓர் ஊற்றில் துப்பும். ஊருக்கு மேலே ஓக் மரங்களின் நடுவே வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் பாதாளக் குழி எங்கே துப்புகிறது என்பது துப்ராவாவில் குழந்தைக்கும் தெரியும். ஃபிரானேயின் கொள்ளுத் தாத்தா காலத்தில் ஒரு பீப்பாய் உருண்டு அதில் விழுந்தது. பெருமழைக்குப் பிறகு, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற லோக்வா ஊரின் ஊற்றில் அதன் பலகைகள் மிதந்து வந்தன, வீட்டு முத்திரையோடு. அன்றைக்கு வந்தது ஊருக்கு நிம்மதி. செத்த ஆடு, கெட்டுப்போன குளிர்பெட்டி, பிள்ளைகள் நனைத்த மெத்தை எல்லாம் குழிக்குத்தான். 'நம்ம எச்சில், லோக்வாக்காரன் சூப்பு' என்று சாராயக் கடையில் ஒரு சொலவடையே உண்டு. மேய்ச்சல் நிலத்துக்காகத் தலைமுறை தலைமுறையாக மண்டையை உடைத்துக்கொண்ட ஊர்கள் அவை இரண்டும். அதனால் அந்தச் சொலவடைக்கு இங்கே தனி ருசி.

வெளியே ஜன்னல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. தெற்குக் காற்று. விடியற்காலையிலிருந்தே யாகோதாவுக்குத் தலை கனத்துக் கிடந்தது. தெற்குக் காற்று எழுந்தால் பின்னாலேயே மழை வரும். டப்பா விழுந்த பிறகு குழிக்குள் இறங்கப்போகும் முதல் தண்ணீர் அது.

"ஃபிரானே."

"ம்."

"நம்ம வின்கா எங்கே இருக்கா?"

ஃபிரானேயின் கை பாதி வழியில் நின்றது. ரொட்டித் துண்டு நனைந்து கோப்பைக்குள் விழுந்தது.

ஒரே மகள். போன வருடம்தான் லோக்வாவுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாண விருந்தில் ஃபிரானே கிளாசைத் தூக்கிக்கொண்டு எழுந்து, "சம்பந்தி, இனிமே கவலைப்படாதீங்க. எங்க பொண்ணு உங்க வீட்டுல இருக்கற வரைக்கும் குழியில சுத்தமானதாப் பார்த்துத்தான் போடுவோம்" என்றான். இரண்டு ஊரும் வயிறு வலிக்கச் சிரித்தது. சம்பந்தி யெர்க்கோவும் சிரித்தார். "நாங்களும் ஒண்ணும் வெறுங்கையோட உக்காந்திருக்கலை, சம்பந்தி" என்றார். அவர் என்ன சொல்ல வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அதற்குள் பாண்டுக்காரர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இப்போது வின்காவுக்குக் கைக்குழந்தை. ரோக்கோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாளை அவனுக்கு ஞானஸ்நானம். வின்காவுக்குப் பால் போதாது, புட்டிப்பால்தான். பால் பவுடர், அப்புறம் தண்ணீர். லோக்வாவின் தண்ணீர்.

யாகோதா போனை எடுத்தாள். ஃபிரானே மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தான்.

"என்ன சொல்லப் போறே?"

"தண்ணியைக் குடிக்காதேன்னு சொல்லப் போறேன்."

"ஏன்னு கேட்டா?"

"உங்க அப்பன் புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு சொல்றேன்."

"அடியே, நாளைக்கு விசேஷம்! இன்னிக்குப் போய், உங்க ஊத்துல நான் விஷத்தைப் போட்டேன்னு சொன்னா, மாப்பிள்ளை நம்ம பேரனைத் தொட விடுவாரா? அந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியுமா இனிமே? பொண்ணுகிட்ட மட்டும் சொல்லு. பக்குவமாச் சொல்லு. ஊருக்கு எதுக்கு?"

அதற்குள் அந்தப் பக்கம் மணி அடித்து எடுத்துவிட்டார்கள்.

"அம்மா! ஃப்ரித்துலே பணியாரம் எத்தனை தட்டு சுடறே? மாமியார் கேக்கறாங்க. மாவு பத்தலைன்னா…"

"வின்கா, பிள்ளைக்குத் தண்ணி எதுல காய்ச்சறே?"

"எதுல காய்ச்சுவாங்க, சட்டியிலதான். என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"பைப்புத் தண்ணி குடுக்காதேடி. மழை வரப்போவுது. கலங்கலா வரும்."

"கலங்கினா வடிகட்டிக் கொதிக்க வெச்சுக்கறேன். எப்பவும் செய்யறதுதானே?"

"கொதிக்க வெச்சாலும் போவாது!"

"எது போவாது?"

யாகோதா ஃபிரானேயைப் பார்த்தாள். அவன் இரண்டு கைகளையும் கூப்பாத குறையாக நின்றான்.

"…கலங்கல்" என்றாள்.

"அம்மா, உனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை போட்டியா? இங்கே அண்டா ரெண்டு அடுப்புல ஏத்தியாச்சு. நாளைக்கு ஊரே சூப்புக் குடிக்க வருது. நீ தண்ணியைப் பத்திப் பேசறே. வைக்கறேன், ரோக்கோ அழறான்."

ஊரே சூப்புக் குடிக்க வருது. அந்த வாக்கியம் யாகோதாவின் காதை விட்டுப் போகவில்லை.

"கேனை எடு" என்றாள். "நம்ம ஊத்துல ரொப்பு. இருக்கற கேன் எல்லாத்தையும்."

அதில் ஃபிரானேக்கு உயிர் வந்தது. "அப்படிச் சொல்லு! பேரனுக்கு நம்ம தண்ணி. யார் என்ன கேக்க முடியும்? பாட்டிக்கு ஆசைன்னு போயிடும்." கேன்களைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊற்றுக்கு ஓடினான். ஊரே குடிக்கிற துப்ராவாவின் ஊற்று வாதுமை மரத்தடியில் இருக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது என்று யாகோதாவின் மாமியார் சத்தியம் செய்வாள். பல் கூசும் குளிர்ச்சி.

கார் கொல்லையைத் தாண்டி மேலேறும்போதே யாகோதா, "குழிகிட்ட நிறுத்து" என்றாள்.

"எதுக்கு?"

"நிறுத்து."

ஓக் மரங்கள் காற்றில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. குழி விளிம்புக்கு வருவதற்கு முன்பே நாற்றம் வந்தது. அழுகின ஆட்டுக் கம்பளியும் துருவும் ஏதோ மருந்தும் கலந்த நாற்றம். இத்தனை வருடமாக இங்கே வருகிறபோதெல்லாம் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கையிலிருப்பதை வீசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்திருக்கிறாள். இன்றைக்குத்தான் எட்டிப் பார்த்தாள். முதல் திட்டில் ஒரு குளிர்பெட்டி கதவு திறந்தபடி சாய்ந்து கிடந்தது. அதன்கீழ் இருட்டு.

"கயிறு கட்டி இறங்கிப் பார்க்க முடியாதா?"

"பைத்தியமா? கல்லைப் போட்டா விழற சத்தம் கேக்கறதில்லை."

"டப்பா உடையாம இருக்கலாமில்லை?"

ஃபிரானே காலடியில் குனிந்து பார்த்தான். அவன் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். விளிம்புக் கல்லின் மேல் சர்க்கரை சிந்தினது மாதிரி வெள்ளையாக ஒரு கோடு. தள்ளும்போதே ஒரு டப்பா வாய் பிளந்திருக்கிறது.

யாகோதா தலைத்துணியை அவிழ்த்துக் கீழே விரித்தாள். மண்டியிட்டு அந்தத் தூளை வழிக்கக் கையை நீட்டினாள்.

"கையால தொடாதே!" என்று அலறினான் ஃபிரானே.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "தொடக் கூடாது. குடிக்கலாமா?"

முதல் சொட்டு அவள் புறங்கையில் விழுந்தது. இரண்டாவது சொட்டு வெள்ளைக் கோட்டின் நடுவில் விழுந்து ஒரு சிறு குழி பறித்தது. பிறகு எண்ண முடியவில்லை. தலைத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு அவள் வழிக்க வழிக்க, தூள் பாலாகி, கல்லின் வெடிப்பு வழியே இறங்கிக் குழிக்குள் போயிற்று. ஃபிரானே அவளை அக்குளில் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது.

கார் மலைப்பாதையில் வளைந்து வளைந்து போயிற்று. கண்ணாடித் துடைப்பான் கீச்சுக் கீச்சென்றது. தண்ணீரும் இதே வழியாகத்தான் வருகிறது என்று யாகோதா நினைத்துக்கொண்டாள். காருக்கு அடியில், கல்லுக்குள். யார் முதலில் போவார்கள் என்று தெரியாது.

லோக்வாவில் சம்பந்தி வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் கட்டி, அதன்கீழ் அண்டாக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் நூடுல்ஸ் மாவைத் தேய்த்தார்கள், வெட்டினார்கள், ஒருத்தி சொன்னதற்கு இன்னொருத்தி சிரித்தாள். வின்காவின் மாமியார் பெர்கா அம்மாள் அகப்பையும் கையுமாக நடுவில் நின்றார். வாய் ஓயாத மனுஷி. ஆனால் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளமாட்டார்.

"வாங்க சம்பந்தி! இதென்ன, தலையில துணிகூட இல்லாம நனைஞ்சு வந்திருக்கீங்க? சம்பந்தி தோள்ல என்ன, தண்ணியா? எங்க வீட்டுல தண்ணிப் பஞ்சம்னு யார் உங்களுக்குத் தந்தி அடிச்சது?"

பெண்கள் சிரித்தார்கள்.

"பேரனுக்கு எங்க ஊத்துத் தண்ணி குடுக்கணும்னு இவளுக்கு ஆசை" என்று ஃபிரானே முந்திக்கொண்டான். "கிழவி ஆசை, சம்பந்தி. தள்ள முடியலை."

"குடுங்க, குடுங்க. எங்க தண்ணியைக் குடிச்சாத்தான் எம் புள்ளை மாதிரி உசரமா வளருவான். உங்க தண்ணியைக் குடிச்சா வாய் வளரும். ரெண்டும் வேணும்தானே பிள்ளைக்கு!"

யாகோதா சிரிக்க முயன்றாள். வின்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்து, ஒரு கேனை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். சமையலறை ஜன்னல் வழியே தெரிந்தது: அம்மாவின் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி அடுப்பில் வைக்கிறாள். யாகோதாவின் மூச்சு கொஞ்சம் கீழே இறங்கிற்று. குழந்தை தப்பித்தான்.

யெர்க்கோ தன் டிராக்டர் பட்டறையிலிருந்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். ஃபிரானேயின் தோளில் தட்டி, தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்த்தி, திராட்சைச் சாராயம் ஊற்றினார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது போலத்தான் இருந்தது.

ஆனால் முற்றத்துக் குழாய் திறந்து மூடிக்கொண்டே இருந்தது. மாவு பிசைகிறவள் வந்து ஒரு சொம்பு பிடித்தாள். கேரட் கழுவ ஒருத்தி. பிறகு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு, மாதம் நிறைந்த ஒரு சின்னப் பெண் மெல்ல வந்து, கிளாசை நீட்டிப் பிடித்து, நின்றபடியே மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு யாகோதாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"எப்பப் பார்த்தாலும் தாகம், அத்தை. ரெண்டு பேருக்குக் குடிக்கறேனே."

இன்னும் வந்திருக்காது, யாகோதா தனக்குள் சொல்லிக்கொண்டாள். இப்போதுதானே மழை பிடித்தது. இது பழைய தண்ணீர். சாயங்காலம்தான் வரும். அல்லது ராத்திரி. அந்தப் பெண் மறுபடி கிளாசைக் குழாய்க்கு அடியில் வைத்தாள்.

யாகோதா எழுந்து போய்க் குழாயை மூடினாள். மூடின கையை எடுக்கவில்லை.

"குடிக்காதேம்மா."

"என்னத்தை?"

"யாரும் குடிக்காதீங்க!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. மாவு தேய்த்த கைகள் நின்றன. சாராயக் கிளாசுக்கு மேலே ஃபிரானேயின் கண்கள் வேண்டாம், வேண்டாம் என்றன. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் பெர்காவைப் பார்த்தே சொன்னாள்.

"சம்பந்தி, நேத்து எங்க வீட்டுல பழைய மருந்து டப்பா எல்லாம் கிடந்துச்சு. வண்டு மருந்து. விஷம். அதை எங்க குழியில போட்டுட்டோம். எங்க குழி உங்க ஊத்துக்கு வருதுன்னு உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். தெரிஞ்சேதான் போட்டோம். மழை இப்பதான் அதைக் கரைச்சிட்டு வருது. என்னை அடிக்கணும்னா அடிங்க. தண்ணியைத் தொடாதீங்க."

வின்கா வாசலுக்கு வந்துவிட்டாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பால் புட்டி. "அப்பா?" என்றாள். ஃபிரானே தரையைப் பார்த்தான்.

யாகோதா கத்தலுக்காகக் காத்திருந்தாள். பெர்கா கத்தவில்லை. அகப்பையை மெதுவாக அண்டாவின் குறுக்கே வைத்தார்.

"காலையில பிடிச்சது தப்பிச்சிருக்கும்" என்றார் பெண்களிடம். "அண்டா இருக்கட்டும். இனிமே குழாயைத் தொடாதீங்க. ஒருத்தி மேலத் தெருவுக்கு ஓடுங்க, ஒருத்தி கீழே. வீடு வீடாச் சொல்லுங்க. நீ உக்காரு பொண்ணே, பயப்படாதே, உன் வயித்துக்கு ஒண்ணும் ஆகாது."

பெண்கள் மழையில் ஓடினார்கள். யாகோதா குழாயிலிருந்து கையை எடுத்தாள். நெஞ்சுக்குள் அடைத்திருந்த கல் நகர்ந்தாற்போல இருந்தது. வார்த்தை தானாகவே வந்தது.

"தண்ணிக்குக் கவலைப்படாதீங்க, சம்பந்தி. காருல இன்னும் கேன் இருக்கு. ஃபிரானே நாள் பூரா ஓட்டிக் கொண்டாந்து குடுப்பான். நாளைக்கு விசேஷத்துக்கும் எங்க ஊத்துத் தண்ணியே போதும். ஊருக்கே போதும். கண்ணாடி மாதிரி இருக்கும். அதுல ஒரு பழுது சொல்ல முடியாது."

பெர்கா அவளைப் பார்க்கவில்லை. தன் புருஷனைப் பார்த்தார். யெர்க்கோ கிளாசைக் கீழே வைத்துவிட்டு, எண்ணெய் ஏறின தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யெர்க்கோ" என்றார் பெர்கா. "போன மாசம் பட்டறையைக் கழுவினியே. அந்த எண்ணெய் பீப்பாய் எல்லாம் எங்கே போச்சு?"

யெர்க்கோ உள்ளங்கையைக் கால்சட்டையில் தேய்த்தார்.

"பேட்டரி? கல்லறைக்குப் பின்னால நம்ம குழியிலயா? முன்னாடி போட்டியே, காய்ச்சல்ல செத்த பன்னி, அது போன இடத்துலயா?"

யாகோதாவுக்குக் காலையில் மேசையில் சிந்திய காபி நினைவுக்கு வந்தது. நீலமும் மஞ்சளுமாக நெளிந்த படலம். சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகாத படலம்.

வின்கா புட்டியைச் சாய்த்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள். குழந்தை வாயைத் திறந்து எட்டி எட்டித் தாவினான். பெர்கா இரண்டே எட்டில் போய் அந்தப் புட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கினார். குழந்தை வீரிட்டது. புட்டியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, மழைச் சத்தத்துக்கு மேலே, மெல்லிய குரலில் கேட்டார்:

"சம்பந்தி, எங்க ஊர்க் குழித் தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு நீங்க ஒரு நாளாவது கேட்டதுண்டா?"